வெள்ளகவி எல்லையில் நாற்பது ஜோடிச் செருப்பு

மலைச்சாலையில் மண் சரிந்து மூன்று நாள் பஸ் வரவில்லை. நான்காம் நாள் வந்த பஸ்ஸில் அத்தனை நாள் தபாலும் சேர்ந்து வந்தது. கொடைக்கானல் ஏழு ரோட்டு முனைக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடையில் வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு ஸ்வெட்டர் காட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வைத்துவிட்டுப் போன கடிதக் கட்டின் மேலே இருந்தது கேமராமேன் சேவியரின் கார்டு. "நம் டைரக்டர் திங்கட்கிழமை காலையில் தவறிவிட்டார். நெஞ்சுவலி. எல்லாம் முடிந்துவிட்டது. பாதை இல்லாததால் உங்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை." இவ்வளவுதான் எழுதியிருந்தார். இன்னாலில்லாஹி என்று என் வாய் தானாகச் சொன்னது. எதிரே நின்ற அம்மாள், "இதே கலர்ல சின்னது இருக்குங்களா?" என்று கேட்டார். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகுதான் உட்கார்ந்தேன்.

சேவியர் இப்போது நினைவு மலர் ஒன்று போடுகிறார். எனக்கும் சில பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் டைரக்டர் தண்டபாணியோடு வேலை செய்தவர்கள். அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் டிபன் பாக்ஸிலிருந்து தோசையை எடுத்துச் சாப்பிட்டவர்கள். நான் சினிமாக்காரன் இல்லை. கம்பளி, டார்ச் லைட், குடை, செருப்பு விற்கிற காசிம் பாய். ஆனால் இந்த மலையில் அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இடம் காட்டியவன் நான். அதனால் எழுதக் கொஞ்சம் உரிமை உண்டு. எழுதியாக வேண்டிய கடன் அதைவிட அதிகம் உண்டு.

அவர் எடுத்ததெல்லாம் ஒரு நிமிஷப் படங்கள். கூந்தல் தைலம், காப்பித்தூள், தலைவலித் தைலம், குடை. கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும். இடைவேளையில் நீங்கள் சோடா குடிக்க எழுந்து போகும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடியதும் அவருடைய படம்தான். "ஒருத்தன்கூட சோடாவுக்கு எந்திரிக்கக் கூடாது பாய். அதுக்கு மேல எனக்கு ஒரு ஆசையும் கெடையாது" என்பார். அது பொய். அதற்கு மேலும் ஓர் ஆசை இருந்தது. அது நிறைவேறாமல் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தூறலில் நனைந்துகொண்டு என் கடைக்குள் வந்தார். நனைந்து வருகிறவர்கள் ஸ்வெட்டர் கேட்பார்கள். இவர், "மூடுபனி நல்லா விழுற ஊர் எது?" என்று கேட்டார். மஞ்சு என்று நாங்கள் சொல்லும் அந்த மூடுபனியால் துணி காயாது, காப்பிக்கொட்டை காயாது, கடையில் தீப்பெட்டிகூட நமுத்துப் போகும். அதைத் தேடி ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறார் என்றதும் ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று நினைத்துவிட்டேன். காப்பித்தூள் விளம்பரம் எடுக்க வந்திருக்கிறார். என் அத்தா காலத்திலிருந்து மலைக் கிராமங்களில் காப்பியும் ஏலமும் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. வடகவுஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் போன நேரம், நான்கு நாள் வானம் பளிச்சென்று இருந்தது. காப்பிக் கம்பெனி ஆளுக்குப் பொறுமை போய்விட்டது. ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போட்டால் வேலை வெரசா முடிந்துவிடும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டைரக்டர் மறுத்துவிட்டார். "புகை மேல ஏறும். மஞ்சு தரையோட வரும். பாக்கிறவனுக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஆனா தெரியும்" என்றார். ஐந்தாம் நாள் வெள்ளனே மஞ்சு வந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் டம்ளரோடு நிற்கிறாள். டம்ளரிலிருந்து ஆவி வெளியே போகிறது, வெளியிலிருந்து மஞ்சு உள்ளே வருகிறது. இரண்டும் வாசலில் சேர்கின்றன. படம் அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு என் மனைவி அந்தக் காப்பித்தூளைத்தான் வாங்கினாள். சொந்தமாகக் காப்பி வியாபாரம் செய்கிற வீட்டில் இது நடந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய அப்பா பழனி அடிவாரத்தில் சாமி படம் கண்ணாடி போட்டு விற்றவர். "மலை ஏறப் போறவன் படம் வாங்க மாட்டான் பாய். எறங்கி வர்றவன்தான் வாங்குவான். கண்ணால பாத்துட்டு வந்தவன்கிட்ட பொய்ப் படத்தை விக்க முடியுமா? இது நான் பாத்த முகம் இல்லையேம்பான். எல்லா சனமும் எதையாவது பாத்துட்டு எறங்கி வந்ததுதான். அவங்களுக்குத்தான் நான் படம் காட்டுறேன்" என்றார். சினிமா பற்றி எத்தனையோ பேர் என் கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.

படம் வெளியானால் கொட்டகையில் போய் உட்காருவார். திரையைப் பார்க்க மாட்டார், சனங்களைப் பார்ப்பார். ஆயக்குடி டூரிங் கொட்டகைக்கு ஒருமுறை என்னையும் இழுத்துப் போனார். கொய்யாக் காலம். மணல் தரையில் உட்கார்ந்து அத்தனை பேரும் உப்பு தொட்டுக் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தார்கள். கூந்தல் தைலப் படம் ஓடியபோது என் விலாவில் இடித்தார். "அந்தா அந்தம்மா கையைப் பாருங்க. கொய்யா வாய்க்குப் போற வழியில நின்னுபோச்சு." அந்த அம்மாளின் கை நிஜமாகவே நின்றிருந்தது. படம் முடிந்து பழம் மறுபடி வாய்க்குப் போகிற வரை டைரக்டர் மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை.

இனி அந்தப் பெரிய ஆசைக்கு வருகிறேன். மூன்று மணி நேரம் ஓடுகிற முழுப்படம் ஒன்றை மனதுக்குள் வைத்திருந்தார். பஸ் பாதை வராத காலத்தில் பெரியகுளத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் தபால் பை சுமந்து மலை ஏறிய ஓட்டக்காரர் ஒருவரின் கதை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் பையில் அவருக்கே ஒரு கடிதம் இருக்கிறது, மகள் எழுதியது. அது தெரியாமல் மலை முழுக்கச் சுமந்துகொண்டு ஓடுகிறார். மழை, அட்டை, யானைத்தடம் எல்லாவற்றையும் தாண்டி ஓடுகிறார். இடைவேளை வரைக்கும் அவர் முகத்தைக் காட்டவே மாட்டேன், பாதத்தை மட்டும்தான் காட்டுவேன் என்பார் டைரக்டர். மலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதையைச் சொல்வார். எடுக்காத அந்தப் படத்தை நான் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன்.

அதை எடுக்க ஆள் கிடைத்தார். மதுரையில் செருப்புக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி. அவருடைய செருப்புக்குக் கொடைக்கானல் ஏஜென்ட் நான். கடையில் பாதி வியாபாரம் அதுதான். அவரை டைரக்டருக்கு அறிமுகம் செய்ததும் நான்தான். முதலாளி வெளிப்படையாகப் பேசுகிறவர். "முதல்ல என் செருப்புக்கு ஒரு நிமிஷப் படம் எடுங்க. ஒரு ஊரே என் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கணும். அது எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா உங்க பெரிய படத்துக்கு நான் நிக்கிறேன்" என்றார். மதுரையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் டைரக்டர் ஜன்னலுக்கு வெளியே மலையைத் தேடிக்கொண்டே வந்தார். வத்தலக்குண்டு தாண்டியதும், "எந்த ஊரு பாய்?" என்று மட்டும் கேட்டார். நான் யோசிக்காமல், "வெள்ளகவி" என்றேன்.

ஊரின் அழகை நினைத்துச் சொன்னேன். கல் பாவிய சந்து, நெருக்கி நெருக்கி வீடுகள், கீழே அதலபாதாளம். வட்டக்கானலிலிருந்து இறங்கினால் அரை நாள் நடை, வண்டிப் பாதை கிடையாது. மாதம் ஒருமுறை காப்பிக்கொட்டை வாங்கப் போய் வருகிற ஊர் எனக்கு. அவர்களும் சம்மதித்திருந்தார்கள். படம் பிடிக்க வருகிறோம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தேன். என்ன படம் என்று சொல்லவில்லை.

மட்டக்குதிரை இரண்டில் கேமராவும் நாற்பது ஜோடிப் புதுச் செருப்பும். டைரக்டர், சேவியர், முதலாளியின் மச்சினர், குதிரைக்காரன், நான். விடியும்போது கிளம்பிப் பத்து மணிக்கு ஊர் எல்லையை அடைந்தோம். எல்லையில் ஒரு மரம், அடியில் ஒரு சாமிக்கல். எப்போதும் போலச் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.

"பாய், செருப்பை ஏன் விட்டுட்டுப் போறீங்க?" என்றார் டைரக்டர்.

"இந்த ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடக் கூடாதுங்க சார். ஊரே கோயில் மாதிரி" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

இருபது வருஷமாக அந்த மரத்தடியில் செருப்பைக் கழற்றுகிறவன் நான். வீட்டு வாசலில் கழற்றுவது போல அது பழகிப்போய், எடுத்துச் சொல்ல வேண்டிய சங்கதி என்று ஒருநாளும் தோன்றியதில்லை. செருப்பு விற்கிற நான், செருப்புப் படம் எடுக்க, உலகத்தில் இல்லாத ஊராகப் பார்த்துச் செருப்புப் போடாத ஊருக்குக் கூட்டி வந்திருக்கிறேன். சேவியர் தோளிலிருந்த கேமரா முக்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மச்சினர் சிரிக்கவில்லை.

ஊர்ப் பூசாரி வந்தார். மச்சினர் அவரிடம், "ஒரு மணி நேரம் கண்டுக்காம இருந்துக்கங்க. எங்க சோலி முடிஞ்சிரும்" என்றார். பூசாரி கோபப்படவில்லை. "நாங்க கண்ணை மூடிக்கிருவோம்ங்க. சாமி மூடணுமில்ல" என்றார். மச்சினர் என் பக்கம் திரும்பி, இந்த அறிவுகூட இல்லாமல் எப்படி ஏஜென்ட் ஆனீர்கள் என்று கேட்டார். வேறு ஊருக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. டைரக்டர் எதிலும் கலந்துகொள்ளாமல் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? என்னுடைய பழைய செருப்பு இரண்டும் கிடந்தன, ஒன்றின் மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து.

"சேவியர், கேமராவைத் தரையில வை" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் அவருடைய கண்ணில் ஏற்கெனவே ஓடி முடித்திருந்தது போல நடந்தது. பூசாரியிடம் கேட்டார், "எல்லைக்கு வெளியில போட்டுக்கலாமில்ல? இங்க வந்து கழட்டிக்கலாமில்ல?" பூசாரி, "அதுதானே வழக்கம்" என்றார். தோட்டத்திலிருந்து சுமையோடு வந்த சனங்களுக்குப் பாதையில் வைத்துப் புதுச் செருப்பைக் கொடுத்தோம். ஒரு பெரியவர் இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். சேவியர் நிறுத்தப் போனார். டைரக்டர், "விடு, அவரு நடையே அதுதான்னு இருக்கட்டும்" என்றார். பாதையில் பாதங்கள் வருகின்றன. எல்லைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் செருப்பிலிருந்து வெளியே வந்து வெறுங்காலோடு ஊருக்குள் போகின்றன. ஒரு பெண், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஆள் யாரும் இல்லை. நாற்பது ஜோடிச் செருப்பும் ஊரைப் பார்த்தபடி இருக்கின்றன. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு தரையோடு வந்து அவற்றின் மேல் படர்ந்தது. வடகவுஞ்சியில் நான்கு நாள் காக்க வைத்த மஞ்சு, இங்கே கூப்பிடாமலே வந்தது. அதன் மேல், "வரும் வரை இருக்கும்" என்று மூன்று வார்த்தை போட்டார். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். நான் ஏஜென்டாகச் சொல்லவில்லை.

மதுரையில் முதலாளிக்குப் போட்டுக் காட்டினோம். விளக்குப் போட்டதும் அவர், "செருப்பு விக்கச் சொன்னா செருப்பைக் கழட்டச் சொல்லி எடுத்திருக்கீங்க. நம்ம ஊர்ல ஒருத்தன் செருப்பைக் கழட்டுனா எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எல்லையில் நடந்ததை மச்சினர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். "அந்த ஊரைக் காட்டுனது யாரு? உங்க ஆள் யாராச்சும் தப்புப் பண்ணியிருந்தா சொல்லுங்க. அவனை விலக்கிட்டு வேற ஊர்ல மறுபடி எடுத்துக் கொடுங்க. நான் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கு" என்றார்.

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மச்சினர் என் பெயரைச் சொல்லவில்லை போலிருக்கிறது, அல்லது நானே சொல்லட்டும் என்று முதலாளி காத்திருந்தாரோ என்னவோ. நான்தான் என்று சொல்லியிருந்தால் ஏஜென்சி போயிருக்கும், தபால் ஓட்டக்காரர் படம் பிழைத்திருக்கும். வாயில் கொழுக்கட்டை அடைத்தது போல உட்கார்ந்திருந்தேன்.

டைரக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இடம் நான் பாத்துத் தேர்ந்தெடுத்த இடம்ங்க. படமும் நான் எடுக்க நெனைச்ச படம்தான். இதை மாத்த எனக்கு மனசு வரலை" என்று எழுந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அந்தப் படத்தை எங்கள் ஊர்க் கொட்டகை மேனேஜர் ஒரே ஒரு மாட்டினியில் ஓட்ட ஒப்புக்கொண்டார். கம்பெனி பெயரை வெட்டிவிட்டு ஓட்டினார்கள். வெள்ளகவியிலிருந்து பூசாரியோடு பத்துப் பன்னிரண்டு பேர் மலை ஏறி வந்தார்கள். முதலாளி திருப்பிக் கேட்காத அந்தச் செருப்புகள் அவர்கள் காலில் இருந்தன. திரையில் அவர்களுடைய மரமும் சாமிக்கல்லும் வந்தபோது இருட்டில் பெஞ்சுகளுக்கு அடியில் ஒரு சரசரப்பு. என்னவென்று குனிந்து பார்த்தேன். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டைரக்டரும் குனிந்துதான் இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தரும் சோடாவுக்கு எந்திரிக்கலை பாத்தீங்களா பாய்" என்றார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் வந்தார். தைலமும் குடையும் எடுத்தார். ஓட்டக்காரர் கதையை மட்டும் நிறுத்திவிட்டார். கடைசியாக வந்தபோது ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். எப்படியும் சொல்லிவிடுவது என்று, "அன்னைக்கு மதுரையில சார்..." என்று தொடங்கினேன். "மஞ்சு வருது, சட்டையை மூடுங்க" என்றார். சொல்லாமல் விட எனக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது, நிறுத்திக்கொண்டேன். அதற்குத்தான் இப்போது என்னையே நொந்துகொள்கிறேன்.

கார்டு வந்த மறுநாள் வெள்ளகவிக்கு இறங்கிப் போனேன். அவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? மரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பூசாரியிடம் சொன்னேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "கொட்டகைக்கு வந்த அன்னைக்கு அவருகிட்ட நான் கேட்டேன். எங்க வழக்கத்தால உங்க பெரிய படம் கெட்டுப்போச்சாமே, குதிரைக்காரன் சொன்னான்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? பாய் மறந்தது என் நல்ல நேரம், முன்னாடியே சொல்லியிருந்தா நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன், எனக்கு இந்தப் படம் கெடைச்சிருக்காதுன்னாரு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் மறந்ததை அவர் நல்ல நேரமாக்கிக்கொண்டார், அது அவருடைய மனசு. ஆனால் மதுரையில் நான் எதையும் மறக்கவில்லை. அங்கே நன்றாக நினைவோடுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

அவரோடு பழகிய நாட்களிலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. முகம் தெரியாமல் மலை ஏறிக்கொண்டே இருக்கிற அந்த ஓட்டக்காரர் ஒன்று. மதுரையில் காதில் விழுந்த ஒரு கேள்வி இன்னொன்று. இந்த மலரின் பிரதி ஒன்று மதுரை முதலாளிக்கும் போகும் என்று சேவியர் எழுதியிருக்கிறார். அவருடைய கம்பெனிப் பலகை இன்றும் என் கடை வாசலில் தொங்குகிறது. நாளைக்கு அவர் ஆள் அனுப்பி அதைக் கழற்றச் சொன்னால் ஏணி எடுத்துக் கொடுப்பேன். அன்று நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை முதலாளி. அந்த ஊரைக் காட்டியது நான்தான்.